பதினொரு விநாடி சூசைரட்ணம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் சொந்த எரிச்சலில் பிறந்தது. இருபது வருடத்துக்கு முன் தட்டெழுதி வைத்த கதைகளைத் திறந்து தரச் சொல்லி, ஹட்டனில் ஜீவராஜின் கணினிக் கடைக்குப் போயிருந்தேன். திரை முழுக்கக் கோணல்மாணல் எழுத்து. அன்று நான் காசு கொடுத்து வாங்கிய எழுத்துருவை இன்று எந்தக் கணினிக்கும் அடையாளம் தெரியவில்லை. வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தபோது பவுலின் உள்ளே வந்தார்.

2

ஆரம்பம் ஒன்று எழுதிப் பார்த்தேன்:

மஸ்கெலியா மலைகளைப் பனி மூடியிருந்த அந்தக் காலையில், பவுலினின் நெஞ்சிலும்...

[சீ! பனி இல்லாமல் மலையகக் கதை எழுத வராதா எனக்கு?]

அன்று சுள்ளென்று வெயில். மஸ்கெலியா பஸ்ஸில் வந்திறங்கிய பவுலின், கைக்குட்டையில் முடிந்திருந்த பென்டிரைவை அவிழ்த்து மேசையில் வைத்தார்.

"தம்பி, இதுல அவங்க குரல் இருக்கு. புதன்கிழமை ஷாமிலாவுக்குக் கல்யாணம். பொண்ணு கோயிலுக்குக் கெளம்பும்போது போடணும்."

'அவங்க' என்றால் கணவர் சூசைரட்ணம். தேயிலைத் தோட்டத்துக் கோயில் உபதேசியார். சாமியார் வராத ஞாயிறுகளில் ஜெபம் சொன்னவர். மணப்பெண் வீட்டைவிட்டு இறங்குமுன் தகப்பன் அவள் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்க வேண்டும். படுக்கையில் விழுந்ததும், எட்டு வயது மகளுக்கு அந்த ஆசீர்வாதத்தை ஒலிப்பதிவுக் கருவியில் பேசி வைத்துவிட்டுப் போய்விட்டார். அதைக் கணினியில் ஏற்றி, பென்டிரைவிலும் எடுத்து வைத்திருந்தார்கள்; கருவி எப்போதோ பழுதாகிவிட்டது.

3

ஜீவராஜ் தட்டிப் பார்த்தான். திறக்கவில்லை.

"அக்கா, மாமா நல்ல சத்தமா இருக்கணும்னு அந்தக் கருவி செஞ்ச கம்பனியோட சொந்த வடிவத்துல பதிஞ்சிருக்காரு. கம்ப்யூட்டர்ல ஏத்துனதும் அது பூட்டிக்கும். சாவி அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளயேதான் இருக்கும். பழைய கம்ப்யூட்டர் எங்க?"

"நீங்கதானே தம்பி கழுவிக் குடுத்தீங்க."

போன வருடம் நத்தார் பண்டிகைக்கு லயத்து வீடுகளுக்கு வெள்ளையடித்தார்கள். வெள்ளையடிப்பு என்றால் சட்டிபானை முதல் மாதா சுருவம் வரை வெளியே வரும், எல்லாம் துடைபடும். கணினி மட்டும் அழுக்காக இருக்கலாமா? அதையும் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தார் பவுலின். 'உள்ளுக்கும் சுத்தமாத் தொடச்சிருங்க தம்பி.' முக்கியமானதெல்லாம் பென்டிரைவில் இருக்கிறதே என்ற தைரியம். ஜீவராஜும் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் துடைத்தான். சாவியும் அதோடு போயிற்று.

"அப்ப நான்தான் அழிச்சிட்டேனா?" என்றார் பவுலின்.

ஜீவராஜ் பென்டிரைவைப் பிடுங்கி மறுபடி செருகினான். [இங்கே ஒரு தத்துவம் எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன். ஒருவர் குரல் அவருடைய வீட்டாருக்குச் சொந்தமா, கம்பனிக்குச் சொந்தமா என்று கேட்க எனக்கும் வாய் துறுதுறுக்கிறது. ஆனால் அந்தம்மா நின்றுகொண்டே இருந்தார்.]

4

ஜீவராஜ் திடீரென்று கதிரையைப் பின்னால் தள்ளினான்.

"இருங்கக்கா! மாமா இங்கதானே அந்தக் கருவிய வாங்குனாரு? மைக் வேல செய்யுதான்னு என் மெசின்ல ஒருக்கா பேசிப் பார்த்தாரு. அது சாதாரண வடிவம், எதுலயும் ஓடும். நான் எதையும் வீசுற ஆளில்ல. மூணு மெசின் மாத்திட்டேன், அந்தப் பழைய ஃபைல் பெட்டி மட்டும் கூடவே வருது."

பதினொரு விநாடி. முதலில் ஒரு செருமல். வெளியே ஹட்டன் பஸ்களின் ஹோர்ன். பிறகு:

"ஒண்ணு... ரெண்டு... மூணு... பேசட்டா தம்பி? பவுலினு, கேக்குதா?"

அவ்வளவுதான்.

"அன்னிக்கு நான் வெளிய வளையல் பாத்துக்கிட்டு நின்னேன்" என்று பவுலின் அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒலிபெருக்கியைப் பார்த்துச் சொன்னார்: "கேக்குதுங்க."

எனக்கு என் பழைய கதைகள் மறந்தே போய்விட்டன.

5

முடிவு அ: யாரோ கெட்டிக்காரர் கொழும்பில் பூட்டை உடைக்கிறார். [நானும் ஆசைப்பட்டேன். எனக்குத் தெரிந்து அப்படி ஒருவரும் இல்லை.]

முடிவு ஆ: பவுலின் மகளிடம் உண்மையைச் சொல்லாமல்...

இல்லை. சொல்லிவிட்டார். "அந்தப் பதினொரு விநாடியையே போடுங்கம்மா" என்றாள் ஷாமிலா.

ஆகவே புதன்கிழமை. வெள்ளைச் சேலையில் ஷாமிலா வாசலில் தலைகுனிந்து நிற்கிறாள். லயமே திரண்டிருக்கிறது. பவுலின் மகளின் நெற்றியில் பெருவிரலை வைத்துக்கொண்டு, மறுகையால் தொலைபேசியை அழுத்துகிறார். செருமல். ஒண்ணு. ரெண்டு. மூணு.

கடைசியில் அந்த மனிதர் ஒரு கேள்வி கேட்பார். அதற்கு யார் பதில் சொன்னார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. நீங்களும் அந்த வாசலில்தான் நிற்கிறீர்கள். உங்களுக்குக் கேட்டிருந்தால் சொல்லுங்கள்.