ஃபின்டனுக்கு மட்டும் ஒரு குரல்

இஸ்திரி உருளை கக்கிய விரிப்பின் ஒரு முனையை டிம்ப்னா பிடித்தாள், மறுமுனையை பிரீஜ். சூடான ஆவி இருவர் முகத்திலும் அடித்தது. கைபேசிகள் வெளியே அலமாரியில் பூட்டிக் கிடந்தன. விடுதிச் சலவைக்கூடத்தில் அதுதான் சட்டம்.

இடைவேளையில் டிம்ப்னா எடுத்துப் பார்த்தபோது மீன் ஆலை மேற்பார்வையாளன் ஃபின்டன் அழைத்திருந்தான். படகு வரும் நாளில் மட்டும்தான் அங்கே வேலை. ஃபின்டன் ஒவ்வொருவராக அழைப்பான். "வர்றேன்" என்று முந்திச் சொல்பவர்களுக்கு இடம். எடுக்காதவர்களுக்காகக் காத்திருக்க மாட்டான்.

"இன்னிக்கும் போச்சா?" என்றாள் பிரீஜ்.

"போச்சு. இன்னொரு தடவை எடுக்கலேன்னா பேரையே அடிச்சிடுவானாம்."

"போனைக் கொடுடி. கூப்பிடற ஆளுக்கு ஒரு வாய்ஸ்மெயில் வெச்சுக்கலாம், நாம எடுக்கலேன்னா பதிஞ்சு வெச்ச குரலே பதில் சொல்லும். என் வீட்டுக்காரருக்கு ஒண்ணு, வங்கிக்காரனுக்கு ஒண்ணு வெச்சிருக்கேன். வங்கிக்காரன் கூப்பிட்டா, நான் செத்துட்டேன்னு என் தங்கச்சி அழுவா."

வெளியே கிடந்த விரிப்புக் குவியலுக்குள் தலையை விட்டுக்கொண்டு டிம்ப்னா பதிவு செய்தாள்: "ஆங், ஃபின்டன். கண்டிப்பா வர்றேன். எந்த நேரம்னு சொல்லு." சிரிப்பு வந்து பலமுறை கெட்டது. முடிவில் வரும் 'பீப்' ஒலியைப் பற்றிக் கவலையில்லை. ஃபின்டன் காதருகே குளிர் அறைக் கதவு நாள் முழுக்க அப்படித்தான் கத்தும்.

அவள் அப்பா கொலம்பா, தேநீர் குடிக்கும்போதும் முதுகு சாயாமல் உட்காரும் பழைய மீனவர். விஷயம் கேட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஆள் இல்லாம வாக்குக் கொடுக்கறதா? நம்ம வீட்டுல அந்தப் பழக்கம் கிடையாது."

"வர்றேன்னு சொல்லுது, நானும் போறேன். இதுல என்னப்பா பொய்?"

"அப்ப போயே ஆகணும். நம்ம மெக்கின்லி வீட்டுக் குரல் அது."

ஏற்பாடு பலித்தது. சலவைக்கூடத்திலிருந்து ஆலைக்குப் போகும் ஆறு பெண்களும் அதே வாசகத்தை அவரவர் குரலில் பதிந்துகொண்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து டிம்ப்னா கைபேசியை எடுத்தாள். ஃபின்டனின் செய்திகள் வரிசையாக இருந்தன. எல்லோரும் சுற்றி நின்று கேட்டார்கள்.

"ஆறு மணிக்கு வந்துடுங்க அக்கா."

"அக்கா, வராதீங்க. படகு நார்வேக்குப் போயிடுச்சு, அங்க விலை கூடவாம்."

"வேணாங்கறேன், மறுபடியும் கண்டிப்பா வர்றேங்கறீங்களே."

கடைசிச் செய்தியில் அவன் குரல் இறங்கியிருந்தது. "ஆறு பேரும் ஒரே மாதிரி பேசறீங்க. போராட்டமா அக்கா? முதலாளிகிட்ட சொல்லிட்டேன். ரெண்டு மணி நேரக் கூலி கொடுத்துடறோம். பத்திரிகைக்காரங்களக் கூப்பிட்டுடாதீங்க."

ரத்தான வேலைக்கு அந்த ஆலை அதுவரை ஒரு காசு கொடுத்ததில்லை. பிரீஜ் சிரித்துச் சிரித்துத் துணிக்கூடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கூலி வருதுன்னா வீட்டுக்குப் போலாம்," என்றாள் டிம்ப்னா.

வேனில் அழைத்துப்போக வந்திருந்த கொலம்பா நகரவில்லை. "வர்றேன்னு சொன்னியா?"

"நான் எங்க சொன்னேன்? போன் சொல்லிச்சு."

"குரல் யாரோடது?"

ஆறு பேரும் வேனில் ஏறினார்கள்.

ஆலை வாசலில் அவர்கள் இறங்குவதைக் கண்டதும் ஃபின்டன் வெளிறிப்போனான். "பேசித் தீர்த்துக்கலாம் ஐயா."

"பேச வரல தம்பி. வேலைக்கு வந்திருக்காங்க," என்றார் கொலம்பா.

ஃபின்டன் தள்ளிப்போய்க் கைபேசியில் முதலாளியிடம் பேசிவிட்டு வந்தான். "கூலி உண்டு. ஆனா சும்மா கொடுக்க மாட்டாராம். உள்ள வந்து ரெண்டு மணி நேரமும் அவங்கவங்க இடத்துல நிக்கணுமாம். ஐயா, நீங்க வெளியில இருங்க."

ரப்பர் காலணி, தலைவலை, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, மீன் ஓடிவரும் பெல்ட்டின் இருபுறமும் நின்றார்கள். ஃபின்டன் விசையைத் தட்டினான். கழுவிக் காய்ந்த பெல்ட் வெறுமனே ஓடத் தொடங்கியது.

"முள்ளு தங்கப் போகுது, பாத்து அறுடி," என்றாள் பிரீஜ். சிரிப்பு தகரக் கூரை வரை போனது.

சிமெண்ட் தரையின் குளிர் காலணிக்குள் ஏறியது. பெண்கள் கால் மாற்றி நின்றார்கள். ஃபின்டன் தலையைக் குனிந்துகொண்டு வந்து, "அறுக்கற மாதிரியே நிக்கணுமாம் அக்கா," என்று ஆளுக்கொரு கத்தியைக் கொடுத்தான். மேலே கண்ணாடி அறையில் முதலாளியின் கேமரா திரையில் ஆறு தலைவலைகள் வெள்ளையாகத் தெரிந்தன.