மூஸ்கா குரைத்ததற்கு ஒரே சாட்சி

1

இந்தக் கதை ஒரு மனுவாகத்தான் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். என் பெயர் நுமிசியுஸ். ரோமாபுரியில் எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன். சுபூராப் பேட்டையில், நாலாவது மாடியில், தலை இடிக்கும் இந்த அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஆனால் நமக்கோ பெரிய எழுத்தாளன் என்ற நினைப்பு. அதனால் மனுவை மனுவாக எழுத வரவில்லை.

எழுதி அடித்த தொடக்கம் ஒன்று:

"ஏழு குன்றுகளின் மேல் எங்கள் முன்னோர் ஏறி நின்றபோது உலகமே அண்ணாந்து—"

வேண்டாம். உலகம் அண்ணாந்ததோ என்னவோ, எனக்கே கொட்டாவி வருகிறது.

இன்னொன்று: "அறுநூறு வருஷத்துக்கு முன் ஓர் இரவு, எதிரிகள் சத்தமில்லாமல் கபித்தோல் குன்றில் ஏறினார்கள். நாய்கள் குரைக்கவில்லை. வாத்துகள் கத்தின. ஊர் பிழைத்தது."

இது பரவாயில்லை. இங்கிருந்தே போகலாம்.

2

அன்றிலிருந்து வருஷா வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு வாத்தை ஊதா மெத்தையில் உட்காரவைத்துப் பல்லக்கில் தூக்கிப் போகிறோம். பின்னாலேயே நாய்களை மரத்தில் உயிரோடு அறைந்து தூக்கிப் போகிறோம். பிள்ளைகுட்டிகளோடு போய் வேடிக்கை பார்க்கிறோம்.

[இடைச்செருகல். பொறுமையில்லாதவர்கள் தாண்டிப் போகலாம். எங்கள் பெருமை என்ன என்று வெளியூர்க்காரன் கேட்டால் சாலை, சட்டம், குளியல்கூடம் என்று அடுக்குவோம். எனக்கென்னவோ நாங்கள் பெரிய ஆளானதே எதையும் மறக்காத புத்தியால்தான் என்று படுகிறது. நாய் ஜாதி மேலேயே அறுநூறு வருஷமாக வன்மம் வைத்திருக்கிறோமே! ஆனால் போன பதினைந்து வருஷத்தில் எத்தனை பேர் சக்கரவர்த்தி ஆனார்கள் என்று கேளுங்கள். எண்ண ஆரம்பித்துப் பாதியில் குழம்பிப்போவேன். வடக்கேயிருந்து வந்தவர்கள் இத்தாலிக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். மதிலே வேண்டாம் என்று இருந்த ஊரைச் சுற்றி இப்போது அவசர அவசரமாக மதில் எழுப்புகிறோம். பயம் கூடக்கூட நாய்களும் கூடுதலாக வேண்டியிருக்கிறது. இந்த வருஷம் தெருவுக்கு ஒன்று கொடு என்று குன்றுக் கோயிலிலிருந்து உத்தரவு.]

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. குரைக்கிற நாயைத் தொடக்கூடாது. குற்றமே குரைக்காததுதானே.

3

தல்லூசா என் அறைக்குக் கீழே குடியிருப்பவள். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவள். சலவைக் கூடத்தில் தொட்டிக்குள் நின்று நாள் முழுக்கத் துணி மிதிக்கிற வேலை. முதலில் எழுதியபோது அவளை அழ வைத்திருந்தேன்: "கண்ணீர் தாரை தாரையாக—" சுத்தப் பொய். உண்மையில் அவள் வெளுத்துப்போன கால்களோடு என் வாசலில் வந்து நின்று சண்டைக்காரி மாதிரி கத்தினாள்.

"தம்பி, என் மூஸ்காவப் புடிச்சிட்டுப் போயிட்டானுங்கப்பா! எல்லாம் அந்தத் தெத்தியுஸ் பண்ண வேலை."

"யாரு, நம்ம தெருத் தலைவரா?"

"அவனேதான். குரைக்காத நாய்னு எழுதிக் குடுத்திருக்கான். குரைக்காத நாயாம்! ஒரு ஈ பறந்தா ஊரையே கூட்டுமே அது! கோயில்ல போய்க் கேட்டா, வாய்ச்சொல்லு எடுபடாது, எழுத்துல காட்டுங்கறான். நான் எழுத்துக்கு எங்க போவேன்?"

"அக்கா, செத்த உட்காருங்க."

"உட்கார நேரமில்ல. நாளன்னிக்கு ஊர்வலம். ஊரச் சுத்தி மதில் கட்டறீங்களேடா, அதுமேல நின்னு குரைக்க ஒரு நாய் வேணாமாடான்னு கேட்டு எழுது. நல்லா உறைக்கிற மாதிரி எழுது."

இதைவிட நன்றாக எனக்கு எழுத வராது. அப்படியே எழுதிக்கொண்டேன். 'டா'வை மட்டும் எடுத்துவிட்டேன்.

போகிறவள் படியில் நின்று திரும்பினாள்.

"என் மகள எஜமான் வித்தப்ப நான் வாயத் தொறக்கல தம்பி. அடிமைக்கு ஏது வாய்? இதுக்காவது தொறக்கறேன்."

4

இப்போது கதையில் ஒரு சிக்கல். தெருவில் முப்பது நாய் இருக்க, தெத்தியுஸ் கண்ணில் மூஸ்கா எப்படிப் பட்டது? யாரோ ஒருவன் வேண்டும். உருவாக்கினேன்:

"மேல்மாடியில் ஒரு பாவி இருந்தான். சொத்தைப் பல். நாயைக் கண்டாலே எட்டி உதைக்கிற—"

இந்த ஆள் ஒட்டவே மாட்டேன் என்கிறான். அவன் யாரையும் உதைத்ததில்லை. பல்லெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஒருமுறை மூஸ்காவுக்கு எலும்புகூடப் போட்டிருக்கிறான். அவனுக்கு வேண்டியதெல்லாம் கொஞ்சம் அமைதி. ரோமின் ஏற்றத்தைப் பெரிய நூலாக எழுதிவிடத் துடித்தான். ஒரு வாக்கியம் தொடங்கினால் போதும், கீழே அது குரைக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் மெழுகுப் பலகையில் ஒரு புகார் எழுதி எடுத்துக்கொண்டு தெத்தியுஸிடம் போனான்.

"இந்த நாய் ஓயாம குரைக்குதுங்க. ஒரு வரி எழுத முடியல."

"விடுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்று தெத்தியுஸ் சிரித்தான். "எனக்கும் ஒண்ணு கணக்குக் காட்ட வேண்டியிருக்கு."

எதற்கு என்று மேல்மாடிக்காரன் கேட்கவில்லை. புகாரின் நகல் பலகையில் தெத்தியுஸின் முத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். எதற்கு என்று புரியாமலா இருந்தது? புரிந்தது.

அவன் நான்தான். மூஸ்கா போன அன்று எட்டுப் பக்கம் எழுதினேன். எட்டும் குப்பை.

5

ஆக, மூஸ்கா குரைக்கும் என்பதற்கு இந்த ரோமாபுரியிலேயே முத்திரை வைத்த ஒரே எழுத்து என் பெட்டியில் கிடக்கிறது. அதைக் காட்டினால் நாய் பிழைக்கும். காட்டினால் தல்லூசாவுக்குத் தெரிந்துவிடும். எப்படி முடிப்பது?

(அ) பலகையை மறைத்துவிட்டு மனுவை மட்டும் அனுப்புகிறேன். பூசாரியின் மனம் இளகி— நான் எழுதிய மனுக்களில் இதுவரை ஒருவர் மனமும் இளகியதில்லை. அடித்துவிட்டேன்.

(ஆ) நானே திருட்டுத்தனமாகப் போய்ப் பலகையைக் கொடுக்கிறேன். நடக்காது. நாய்க்கு உரியவள் நேரில் நிற்க வேண்டும், சான்றை அவள் காதுபட வாசிக்க வேண்டும். எங்கள் சட்டம் அப்படி.

(இ) அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இன்று காலை படியில் வைத்து முயன்றேன்.

"அக்கா, வந்து..."

"என்னப்பா?"

"மழை வரும் போல இருக்கு."

"ஆகஸ்டுலயா? ராத்திரியெல்லாம் தூங்கலயா நீ? கண்ணு செவந்து கெடக்கு. கஞ்சி தரட்டா?"

மென்று முழுங்கிவிட்டு மேலே ஏறி வந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. கோழை, வேறென்ன சொல்ல.

6

மனு, கதை, அடித்தது, திருத்தியது எல்லாவற்றையும் ஒரே சுருளாகச் சுற்றி, அந்தப் பலகையையும் சேர்த்துக் கட்டி, தல்லூசா கையில் கொடுக்கப் போகிறேன். என்ன பேசிக்கொள்வோம் என்பதுகூடத் தெரியும்.

"இத்தன நீளமா இருக்கே தம்பி?"

"சான்று உள்ள இருக்கு அக்கா."

"நீ நல்லா இருக்கணும்" என்பாள். அதை எப்படித் தாங்கப்போகிறேன் என்றுதான் தெரியவில்லை.

எனவே, வாசகரே, நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும். குன்றுக் கோயில் வாசலில் மனுக்களை உரக்க வாசிக்கிற ஐயா நீங்கள். முன்னால் நிற்பவள் தல்லூசா. முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் நிற்கிறாள். நாலாம் பகுதியைக் கேட்டபோது அவள் முகம் என்ன ஆயிற்று என்பதை நீங்கள் பார்த்தீர்கள். எழுதுகிற எனக்குத் தெரியாது.

பலகையில் முத்திரை இருக்கிறது, சரிபாருங்கள். நாயை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். அதற்கு மேல் நான் ஒரு வரியும் எழுதவில்லை. மிச்சத்தைச் சொல்ல வேண்டியவள் தல்லூசா அக்காதான். அவள் வாயைத் திறக்கட்டும். கேட்டுக்கொள்ள நான் அவளுக்குப் பின்னாலேயே நிற்கிறேன்.