கீழ் மூலையில் ஒரு குமிழ்

"இதுமேல சீல் நிக்காதுங்க" என்று சொல்லி, சான்றிதழ் சரிபார்க்கும் கவுன்ட்டரில் இருந்தவர் அவளுடைய பி.ஃபார்ம் பட்டத்தை இரண்டு விரலால் அவள் பக்கமே தள்ளினார். நம் பாஷைக்காரர்தான், அதனால் கொஞ்சம் இரக்கத்தோடு தள்ளினார். பட்டத்தில், வெறும் காகிதத்தின் மேல், முத்திரை விழ வேண்டும். அப்படி விழுந்தால்தான் இந்த நாட்டில் படித்த படிப்பு படிப்பாகும். இவளுடையதோ இரண்டு பக்கமும் கெட்டி பிளாஸ்டிக்குக்குள் மூச்சு முட்டிக் கிடந்தது. "யாருங்க இதப் போயி லேமினேட் பண்ணது?" என்றார். "எங்கப்பா" என்றாள். அவர் சிரித்துவிட்டார். "எங்கப்பாவும்தான்."

அப்பாவுக்கு லேமினேஷன் என்றால் அப்படியொரு கிறுக்கு. பஸ் பாஸ், கல்யாணப் பத்திரிகை, மூக்குக் கண்ணாடி வாங்கிய ரசீது, அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவு என்று கையில் கிடைத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவார். "நான் ரெண்டு நிமிஷம் ஆடாம அசையாம உக்காந்தா என்னையும் மிஷினுக்குள்ள விட்ருவாரு" என்பாள் அம்மா. அப்படிப்பட்ட மனுஷர் பெண்ணின் பட்டத்தைச் சும்மா விடுவாரா? பட்டமளிப்பு முடிந்து வெளியே வந்ததும் வராததுமாக, "கை வேர்த்திருக்கும், தொடாத" என்று சொல்லிக் கைக்குட்டையால் பிடித்து உறையிலிருந்து உருவிக்கொண்டார். ஸ்கூட்டர் நேரே கடைவாசலில்தான் போய் நின்றது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவரைப் போல மிஷின் பக்கத்திலேயே நின்றார். காகிதம் மறுபக்கம் வெளியே வந்ததும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அவள் கன்னத்தில் வைத்தார். "சூடு பாத்தியா? இனிமே தண்ணிக்குள்ள போட்டாலும் உன் படிப்புக்கு ஒண்ணும் ஆகாது." கடைக்காரர், பழம் வாங்க வந்தவர், வழி கேட்க நின்றவர் என்று ஒருத்தர் விடாமல் காட்டினார். மானம் போகிறதே என்று அன்று அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். இப்போது அந்தத் தெருவில், அந்த ஸ்கூட்டரின் பின்சீட்டில், ஒரே ஒரு தடவை அப்படி மானம் போகாதா என்றிருந்தது.

இங்கே ஒரு பெரிய மருந்துக்கடையில் அவளுக்கு வேலை. மருந்து கொடுக்கிற வேலை இல்லை, பெட்டி பிரித்து அடுக்குகிற வேலை. யாராவது வந்து இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா என்று கேட்டால், பதில் நாக்கு நுனியில் நிற்கும். நிற்கட்டும் என்று விழுங்கிவிட்டு, அதோ அங்கே கேளுங்கள் என்று கை காட்ட வேண்டும். அந்த 'அதோ அங்கே' இடம்தான் இப்போது காலி. மாதக் கடைசிக்குள் பட்டம் செல்லும் என்று ஆகிவிட்டால் இடம் உனக்கு, இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டாள். பல்கலைக்கழகத்தில் புதுப் பிரதி கேட்டால் அது கைக்கு வருவதற்குள் நாலைந்து மாதம் ஓடிவிடும். ஆக, பிளாஸ்டிக்கை உரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, துண்டு விரித்து, பட்டத்தைப் படுக்க வைத்தார்கள். முடி உலர்த்துகிற மிஷினைப் பிடித்துக்கொண்டு கணவன் நின்றான். "கிழிஞ்சா என்னத் திட்டக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றான்.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க."

சூடு ஏற ஏற லேமினேஷன் கடையின் அந்த வாசனை எழுந்தது. அதே வாசனை. பிளேடு பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு நிமிஷம் அவள் கடைவாசலில்தான் இருந்தாள். பிறகு தன்னைத் தானே அதட்டிக்கொண்டு மேல் மூலையில் பிளேடை நுழைத்தாள். பிளாஸ்டிக்கோடு காகிதமும் பஞ்சு பஞ்சாகப் பெயர்ந்து வந்தது. அவள் பெயர் தொடங்குகிற இடத்துக்கு அரை விரல்கூட இல்லை. பிளேடைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா அப்பா வீடியோவில் கூப்பிட வேண்டும்! ஞாயிற்றுக்கிழமை வழக்கம். எடுக்க வேண்டாம் என்று அவள் கண்ணைக் காட்டுவதற்குள், பழக்க தோஷத்தில் கணவன் எடுத்துவிட்டான். திரையில் அப்பாவின் நெற்றி தெரிந்தது, பிறகு கண். அந்தக் கண் மேஜையைப் பார்த்துவிட்டது.

"என்னம்மா அது? உரிக்கிறியா?"

பொய் சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. "சீல் போடணும்னு சொல்றாங்கப்பா. பிளாஸ்டிக் இருக்கக் கூடாதாம்."

"நான் அன்னிக்கே தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாரா இந்த மனுஷன்!" என்று பின்னாலிருந்து அம்மா ஆரம்பித்தாள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முகம் சின்னதாகிப்போனதைப் பார்த்து இவளுக்கு அழுகை முட்டியது.

"மேல தொடாத" என்றார் கடைசியில். "கீழ, எடது கைப்பக்க மூலைல பாரு. ஒரு குமிழ் இருக்கும்."

இத்தனை வருஷத்தில் அவள் பார்த்ததே இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். மிளகு அளவில் ஒரு குமிழ் இருந்தது.

"அங்க சரியா ஒட்டல. அன்னிக்கே பாத்துட்டேன். நீ சிரிச்சுக்கிட்டு இருந்தியா, சொல்ல மனசு வரல. வீட்டுக்கு வந்து ராத்திரியெல்லாம் அதையே தேச்சுக்கிட்டு இருந்தேன், போகவே இல்ல."

அவள் குமிழில் பிளேடு நுனியை வைத்தாள். பிளாஸ்டிக் மட்டும் எழுந்தது. கணவன் சூட்டைக் காட்டிக்கொண்டே வர, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். வரி வரியாகக் காகிதம் வெளியே வந்தது. பெயர் தப்பித்தது. பதிவாளரின் கையெழுத்தில் வால் மட்டும் பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. அதை அந்தக் கவுன்ட்டர்க்காரர் ஒத்துக்கொள்வாரோ மாட்டாரோ, நாளைக்குத்தான் தெரியும்.

"வந்திடுச்சாம்மா?"

"வந்திடுச்சுப்பா."

"எப்படி இருக்கு?"

அப்போதுதான் உறைத்தது, தன் பட்டத்தை அவள் இதுவரை தொட்டதே இல்லை. கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, பெயரின் மேல் விரலை வைத்தாள். கொஞ்சம் சொரசொரப்பாக, இன்னும் சூடாக இருந்தது.

"சூடா இருக்குப்பா" என்றாள். காகிதத்தை எடுத்து போன் பக்கத்தில் காட்டினாள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். திரையில் அவருடைய விரல் நெருங்கி நெருங்கி வந்து, முகத்தை மறைத்து, திரை முழுக்க நிறைந்து நின்றது.