பருப்பு மடித்த நாவல்

இலங்கை மலைநாட்டில் பெரகல சந்தியில் கடை வைத்திருக்கிறேன். அரிசி, பருப்போடு சென்னப்பட்டணத்து நாவல்களும் விற்பேன். மாதிரிக்கு முதலில் ஒரு பிரதி வரும். அதை என் மனைவி வள்ளியம்மை படித்து நல்லது என்றால்தான் மேற்கொண்டு வரவழைப்பேன். இல்லையென்றால் கிழித்துப் பருப்பு மடிப்பேன். அவள் அபிப்பிராயத்துக்கு அப்பீல் கிடையாது.

போன மாதம் வந்த நாவலில் ஒரு பெண், தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று வீட்டை விட்டே போகிறாள். வள்ளியம்மை கொதித்துப்போனாள். எழுதினவன் அக்காள் தங்கையோடு பிறக்கவில்லையா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் திட்டித் தீர்த்தாள். நானும் கிழித்துவிட்டேன்.

அதன்பிறகு கொஸ்லந்த தேயிலைத் தோட்டத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தால், ஒரு கொத்துப் பருப்பையே சின்னச் சின்னப் பொட்டலமாகக் கேட்டார்கள். எனக்கென்ன, மடித்துக் கொடுத்தேன்.

நேற்று புதன்கிழமை. ஆட்களெல்லாம் தோட்டத்தில் பேர் பதியப் பெரட்டுக்கு நிற்கிற காலை நேரத்தில் ரெங்கம்மா கடைக்கு வந்தாள். கொழுந்தெடுக்கிற பெண். ஏற்றம் ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. இடுப்பில் துணி மூட்டை. கையில் நான் மடித்துக் கொடுத்த தாள்கள், நீவி அடுக்கி நூலால் கட்டியிருந்தன.

லயத்து வரிசை வீட்டில் சின்னராசா என்கிற பையன் எழுத்துக்கூட்டிப் படிப்பானாம், எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். கதையில் அந்தப் பெண் வாசற்படி தாண்டுகிற இடத்தோடு தாள் நின்றுவிட்டதாம். நாங்கள் குப்பை என்று தள்ளியதற்கு இந்த மரியாதையா? எனக்குத் தலை சுற்றியது.

ரெங்கம்மா என்னைப் பார்க்கவே இல்லை. வள்ளியம்மையிடம்தான் கேட்டாள்.

"வெளிய போன பொறகு அவ நல்லா இருந்தாளா, செத்துப் போனாளாம்மா? நீங்கதானே படிச்சீங்க."

வள்ளியம்மை துடைத்த தராசுத் தட்டையே மறுபடி துடைத்தாள்.

"நான் முழுசாப் படிக்கல," என்றாள் கடைசியில். "அவ படி தாண்டினதும் ஆத்திரத்துல விட்டெறிஞ்சிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதிக் கதைக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? கடையில் பருப்பு மடிக்கிற காகிதக் கட்டைப் புரட்டினேன். அந்த நாவலின் மிச்சத் தாள் ஒன்றுகூட இல்லை, யார் யாருக்கோ மடித்துக் கொடுத்தாயிற்று.

"நானும் தாண்டி வந்துட்டேம்மா," என்றாள் ரெங்கம்மா. "வெள்ளிக்கிழம எங்க மாமனுக்கும் எனக்கும் தாலி."

வள்ளியம்மை மூட்டையை வாங்கிக்கொண்டு அவளை உள்ளே கூட்டிப்போனாள். இவளா அந்த நாவலைத் திட்டியவள்?

மத்தியானம் மாமன்காரன் தேடி வந்தான். கொஸ்லந்தவிலிருந்து யாரும் வரவில்லை என்று கூசாமல் சொன்னேன். அவன் போனதும் வள்ளியம்மை வெளியே வந்தாள்.

"அந்தப் புஸ்தகம் இன்னொண்ணு வரவழைங்க," என்றாள். "அந்தப் பொண்ண மட்டும் எழுதினவன் சாக விட்டிருந்தான்னா, சும்மா விடமாட்டேன்."