செண்பகத்தின் முதற்பூ

தொலைபேசியை வைத்துவிட்டுக் குலசேகரம் சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொழும்பிலிருந்து மைத்துனன் கனகலிங்கம் சுற்றி வளைக்காமல்தான் சொன்னான். "அத்தான், எங்கடை பாலேந்திரா இல்லை. ஷெல் விழுந்திட்டுது. போன கிழமையே எரிச்சாச்சாம். அக்காவுக்கு நீங்கள்தான் சொல்லவேணும்."

சொல்லத்தான் திரும்பினார். அதற்குள் தோட்டத்திலிருந்து மனைவி சிவமலரின் கூச்சல்.

"இஞ்சாருங்கோ, ஓடிவாங்கோ! பூத்திட்டுது!"

லண்டன் பிளேஸ்டோவில் செண்பகம் வளர்ப்பதாவது! தெருவே சிரித்தது. குளிர் தொடங்கியதும் அந்தப் பெருந்தொட்டியை இருவருமாக இழுத்து உள்ளே கொண்டுவருவார்கள். ஒரு வருடம் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்து இலையெல்லாம் கருகியது. இன்னொரு வருடம் பழைய சேலையைச் சுற்றி வெளியே விட்டு நுனி செத்தது. அவள் விடுவேனா என்றிருந்தாள். சோதனை எழுதிவிட்டு வருகிறேன் என்று யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்ட மகன் பாலேந்திராவுக்கு அதன்பிறகு விசா கிடைக்கவேயில்லை. பிள்ளையைக் காப்பாற்று, இந்த மரத்தின் முதற்பூ உனக்குத்தான் என்று மனோர் பார்க் முருகனுக்கு நேர்ந்து வைத்திருந்தாள்.

மஞ்சளாக ஒன்றே ஒன்று, இலைகளுக்குள் ஒளித்துக்கொண்டு நின்றது. பாழாய்ப்போன மரம்! ஒரு கிழமை முந்திப் பூத்துத் தொலைத்திருக்கக் கூடாதா? குலசேகரத்துக்கு அதை வேரோடு பிடுங்கி எறியவேண்டும் போலிருந்தது.

"தோய்ஞ்சிட்டு வாறன். வாடமுதல் கொண்டுபோய்க் குடுக்கவேணும்," என்றாள்.

செத்தவீட்டுத் துடக்கு வந்துவிட்டால் முப்பத்தொரு நாள் கழியும்வரை கோயில் வாசலை மிதிக்கக்கூடாது. ஆனால் அந்தச் செய்தி காதில் விழாதவரை அவளுக்குத் துடக்கில்லை. தனக்கு வந்துவிட்டது. ஒரு பகல் தாங்காத பூ. அவள் போய்க் குடுத்துவிட்டு வரட்டும், வீட்டுக்கு வந்து சொல்லலாம், நான் வெளியில் நிற்கிறேன், பாவம் என்றால் என் தலையில் விழட்டும்.

"வெளிக்கிடும்," என்றார்.

கோயிலில் அவர் வாசலோடு நின்றுகொண்டார். சப்பாத்தைக் கூடக் கழற்றவில்லை. உள்ளே ஐயர் பூத்தட்டை வாங்கிக்கொண்டு, அர்ச்சனை ஆருக்கு என்று கேட்டார். சிவமலர் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. கண்ணீர் வழிய, சிரித்துக்கொண்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்குத் தொண்டை அடைக்குது. தகப்பன் நீங்கள் வந்து சொல்லுங்கோ."

ஐயரும் பார்த்தார். பின்னால் நின்ற சனமும் பார்த்தது. குலசேகரம் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். கயிறு இலகுவில் அவிழவில்லை.

"பேர், நட்சத்திரம்?"

"பாலேந்திரா," என்றார். "உத்தரட்டாதி."

அந்தப் பெயருக்கு ஐயர் நீண்ட ஆயுளும் தேக சுகமும் கேட்டு மந்திரம் சொன்னார். மணி அடித்தது. குலசேகரம் கையெடுத்துக் கும்பிடவில்லை.

"இனி அவனுக்கு ஒண்டும் வராது, என்ன?" என்று சிவமலர் கேட்டாள்.

"ஓம். இனி ஒண்டும் வராது."

அவள் திருநீற்றை எடுத்து அவருடைய நெற்றியில் இழுத்துப் பூசினாள், கண்ணுக்குள் தூள் விழாமல் மற்றக் கையைப் புருவத்தில் மறைவாகப் பிடித்தபடி.