கிழிக்காத விரிப்பு

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்ததால் நாங்கள் 'புதுசு' என்றே கூப்பிடுகிற பெண்ணை வாசல் காவலர் பிடித்தது சாயங்காலம் நாலரை மணிக்கு, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் வாசலில், எல்லாரும் பார்க்க. அவள் கையில் ஒரு வெள்ளை விரிப்பு, ஓரத்தில் ஆஸ்பத்திரியின் நீலக் கோட்டோடு. பைக்குள் திணிக்கவில்லை, சேலைக்குள் மறைக்கவில்லை. குளிக்கப் போகிறவள் துண்டைப் போட்டுக்கொள்வது போல முழங்கையில் போட்டுக்கொண்டு வந்தாள். காவலர் பிரித்துப் பார்த்தார்.

"அட, இது நல்ல பெட்ஷீட்டாச்சே!" என்று அவர் போட்ட சத்தத்தில் பின்னால் வந்த நாங்கள் எல்லாரும் நின்றுவிட்டோம். எங்களில் நாலு பேர் கையிலும் விரிப்பு இருந்தது. எங்களை அவர் ஒன்றும் கேட்கவில்லை. எங்களுடையது கிழிந்தது.

விவரம் சொல்லாவிட்டால் புரியாது. நான் அந்தச் சலவைக்கூடத்தின் இருப்பு எழுதுகிறவள். எங்கள் கூடத்தை ஒரு சுவர் இரண்டாகப் பிரிக்கிறது. அந்தப் பக்கம் அழுக்கு, இந்தப் பக்கம் சுத்தம். துவைத்துக் காய்ந்த விரிப்பெல்லாம் இந்தப் பக்கம் பார்வை மேசைக்கு வரும். அங்கே ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கிழிந்தது கழிவு. கழிவைத் துண்டு போட்டுத் தரை துடைக்க அனுப்ப வேண்டும் என்பது சுவரில் ஒட்டியிருக்கும் விதி. வேண்டியவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்பது எங்கும் ஒட்டாத விதி. ஒட்டாத விதியை நாங்கள் ஒருநாளும் மீறியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரித் துணி கெட்டித் துணி, லேசில் கிழியாது. ஆகவே யாருக்காவது வீட்டுக்கு ஒன்று தேவைப்பட்டால், மேசையில் நிற்கிறவள் நைந்த இடமாகப் பார்த்து விரலைக் கொடுப்பாள். "தானா விட்டுடுச்சு" என்பாள். மற்றவர்கள் "ஆமா, பழசு" என்பார்கள். அதைக் கிழிப்பது என்று யாரும் சொல்வதில்லை.

மறுநாள் காலை மேலாளர் என்னிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தார். பெயர், பொருள், நேரம் எல்லாம் அவரே நிரப்பியிருந்தார். கடைசிக் கட்டம் மட்டும் காலி: குற்றத்திற்கான காரணம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுங்க. அதை வச்சு அவளை அன்னைக்கே நிறுத்திடலாம்."

அவள் புருஷன் கையை முறித்துக்கொண்டு மூன்று மாதமாக வீட்டில் கிடக்கிறான் என்பது எனக்குத் தெரியும். வீடு அவள் ஒருத்தியின் வேலையில் ஓடிக்கொண்டிருந்தது. அதோடு எனக்கு ஒரு கெட்ட பழக்கம். காரணம் என்று ஒரு கட்டம் போட்டிருந்தால் ஏதோ ஒன்றை எழுதித் தள்ளிவிட்டுப் போக மனசு வராது. உண்மையிலேயே ஏன் என்று தெரிந்தாக வேண்டும். படிவத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கேட்கக் கிளம்பினேன்.

காவலர் ஒரே வார்த்தையில் முடித்தார். "வறுமைம்மா."

"உங்களுக்கு வறுமை இல்லையாண்ணே?"

"எனக்கு இல்லாமலா?" என்றவர் சற்று யோசித்துவிட்டு, கேட்டைத் திறக்கப் போய்விட்டார்.

இஸ்திரி அக்கா நீராவிக்கு நடுவிலிருந்து கத்தினாள். "அதெல்லாம் ரத்தத்துல வர்றது. மூஞ்சியப் பாத்தாலே தெரியல? என் குடைகூடக் காணாமப் போச்சே, மறந்துட்டியா?"

"அக்கா, குடை போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அவ சேந்தே ஏழு மாசம்தான்."

"அப்பவே வந்து நோட்டம் விட்டிருப்பா!"

குடையோடு நிற்கவில்லை. மத்தியானத்துக்குள் ஒரு சீப்பு, ஒரு டிபன் பாக்ஸ் மூடி, யாரோ ஒருத்தியின் ஒற்றைக் கம்மல் எல்லாம் அவள் கணக்கில் ஏறிவிட்டன. முந்தின நாள் வரைக்கும் அவள் அமைதியான பெண். இன்றைக்கு அதே அமைதிக்கு அமுக்குணித்தனம் என்று பெயர். எனக்குச் சிரிப்பு வந்தது.

உலர்த்தும் இயந்திரக்காரர் கொஞ்சம் படித்தவர், நிதானமாகப் பேசுவார். "சேர்க்கை சரியில்லம்மா. கூட இருக்கறவங்க எப்படியோ அப்படித்தானே ஆளும் இருக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் வரை அவள் எங்களோடுதான் இருக்கிறாள். அவளுடைய சேர்க்கை நாங்கள்தான்.

வீட்டிலும் இதே பேச்சு. என் நாத்தனார் இஸ்திரி போட்டுக்கொண்டே பொரிந்து தள்ளினாள். "ஆஸ்பத்திரி சொத்து அண்ணி! நோயாளிங்க படுக்கறது! அதுல போய் கை வைக்க எப்படி மனசு வரும்?" அவள் இஸ்திரி போட்ட மேசைமேல் நீலக் கோடு. ஜன்னலில் நீலக் கோடு. தையல் மிஷின்மேல் போர்த்தியிருந்ததிலும் நீலக் கோடு. என் வீட்டுக்காரர் ஜன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்ல இதைப் பேச வேணாம்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

வியாழக்கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் போனேன். புதுசு ரப்பர் கையுறையோடு அழுக்கு மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. மற்றவர்கள் வேறு மூலைக்குத் தள்ளிப் போயிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றினாள்.

"ஏம்மா எடுத்த?" என்றேன்.

"எல்லாரும் எடுத்துட்டுப் போறாங்களேக்கா. தினமும் பாக்கறேன், நாலஞ்சு பேர் மடிச்சு எடுத்துட்டு, காவலர்கிட்ட சொல்லிட்டே போறாங்க. இங்க வேலை செய்யறவங்களுக்குக் குடுக்கறதுன்னு நினைச்சேன். ஏழு மாசம் பொறுத்தேன். புதுசா வந்ததும் கேட்டா நல்லாருக்காதில்ல? வீட்ல அவரு வெறும் பாய்ல படுத்திருக்காரு. அதான் அன்னைக்குப் போற வழியில வாசல்கிட்ட இருக்கற அலமாரில இருந்து ஒண்ணு எடுத்தேன்."

"நாங்க எடுக்கறது கிழிஞ்சதும்மா."

"அது எனக்கு எப்படிக்கா தெரியும்?"

எப்படித் தெரியும்? பார்வை மேசை சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. அவளுக்கு மடித்த வெள்ளைத் துணி வாசலைத் தாண்டிப் போவது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. எதையும் மறைக்காமல் அவளிடம் எங்கள் நெளிவு சுளிவைச் சொல்லிவிட வேண்டும் போலத் தோன்றியது, சொன்னேன். வேண்டுமென்றால் விரலைக் கொடுப்பார்கள், அப்புறம் அது கழிவாகிவிடும், கழிவை யாரும் கேட்க மாட்டார்கள் என்று.

அவள் கண்ணை விரித்துக் கேட்டாள். "நல்ல துணிய எதுக்குக்கா கிழிக்கணும்?"

பதினோரு வருஷத்தில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. வெட்கமாக இருந்தது. அவள் திருடியது ஒரு விரிப்பு. நாங்கள் ஒவ்வொரு தடவையும் ஒன்றைக் கெடுத்து, அதற்குப் பிறகு திருடியிருக்கிறோம்.

அன்றைக்கு மேசையில் உட்கார்ந்து படிவத்தை விரித்தேன். உள்ளதை உள்ளபடி எழுதினால் அவள் பிழைப்பாள், நாங்கள் பதினாலு பேர் மாட்டுவோம். முதல் பெயர் என்னுடையதாக இருக்கும். கடைசியில் இரண்டே வார்த்தை எழுதினேன்: பயிற்சிக் குறைவு. பொய்யும் இல்லை, யாரையும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மேலாளர் படித்தார். இரண்டு தடவை தலையை ஆட்டினார். பயிற்சிக் குறைவு என்றால் நிறுத்த முடியாது, பயிற்சி கொடுக்கத்தான் வேண்டும் என்று விதியில் இருக்கிறதாம். ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, அவளைச் சுத்தப் பக்கத்துக்கு மாற்றிப் பார்வை மேசையில் இஸ்திரி அக்காவின் பக்கத்தில் நிற்க வைத்தார். சந்தோஷத்தில் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு கொஞ்சம் அதிகமாகவே இறங்கியது.

முதல் வாரம் அவளோடு யாரும் பேசவில்லை. இரண்டாவது வாரம் அக்கா அவள் கையைப் பிடித்து எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாரம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். "நல்ல பொண்ணுடி. நாமதான் தப்பா நினைச்சிட்டோம்" என்று அக்காவே என்னிடம் வந்து சொன்னாள். குடையைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

நேற்றுச் சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் புதுசு என் மேசைக்கு வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. அழகாக மடித்த விரிப்பு ஒன்றை என் முன்னால் வைத்தாள்.

"உங்களுக்குத்தான்க்கா. நீங்க இல்லன்னா நான் இங்க இல்ல."

பிரித்துப் பார்த்தேன். புத்தம் புதுசு, ஒரு தடவைகூடப் படுக்கையில் விரித்திருக்க மாட்டார்கள். நடுவில், விரல் நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல்.

"தானா விட்டுடுச்சுக்கா" என்றாள்.

"ஆமா, பழசு" என்றேன் நான்.