பரிசத் தட்டில் சுருங்கின பழம்

சின்னராசுவுக்குப் பெண் பேசி முடிக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் அவனுடைய அக்காள் புருஷன். மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். சின்னக்கண்ணுவின் வாய்க்கு முன்னால் போய் நிற்க எங்கள் ஊரில் வேறு எவனுக்கும் துணிச்சல் இல்லை. பெண்ணைப் பெற்றவள் அவள். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; அவளுடைய பைல் நாட்டில் அவள் வீட்டு நாய்கூட அவளைக் கேட்டுக்கொண்டுதான் குரைக்கும்.

அறப்பளீசுவரர் கோயில் ஆடித் திருவிழாவில் அவள் மகள் கண்ணாயியைப் பார்த்த நாளிலிருந்து சின்னராசுவுக்குச் சோறு இறங்கவில்லை. சாமை அறுக்கப் போகிறவன் அரிவாளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவான். அவள் கிடைக்காவிட்டால் மலையை விட்டு இறங்கி எங்காவது தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விடுவேன் என்றான். அதைக் கேட்டு என் பெண்சாதி அழுதாள். அவள் அழுததற்காக நான் பைல் நாட்டுக்கு நடந்தேன்.

முதல் பேச்சிலேயே சின்னக்கண்ணு எங்களை மட்டம் தட்டி அனுப்பினாள்.

"உங்க திண்ணனூர் நாட்டு வாழையும் பலாவும் எங்க கொல்லையில பன்னி திங்குதுங்க. மலையில இல்லாத பழமாக் கொண்டாங்க. அப்புறம் பேசலாம்."

பழத்துக்கு அவ்வளவு மவுசு இருந்ததற்குக் காரணம் உண்டு. அவர்கள் ஊரில், பெண்ணைப் பெற்றவள் பரிசத் தட்டிலிருந்து பழத்தை எடுத்துத் தின்றால்தான் சம்மதம். வாயால் சரி என்று சொல்வதெல்லாம் செல்லாது. வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். அதன் பிறகு சாமியே வந்து சொன்னாலும் பேச்சு மாறக் கூடாது.

நானும் சின்னராசுவும் ஒற்றையடிப் பாதையில் சேந்தமங்கலத்துக்கு இறங்கினோம். நல்ல பழமாக வாங்கினாலும் மலையேறிப் பைல் நாடு போய்ச் சேருவதற்குள் கூழாகிவிடுமே என்று கடைவீதியில் நின்று கவலைப்பட்டோம். மளிகைக் கடை அர்த்தனாரி கூப்பிட்டார்.

"காஞ்ச பழமா வாங்கிட்டுப் போங்க. கெடவே கெடாது. எல்லாம் கப்பல்ல வந்ததுங்க."

காய்ந்த திராட்சை, பேரீச்சம்பழம், பேரீச்சங்காய், கயிற்றில் மாலையாகக் கோத்த அத்திப்பழம் என்று நாலு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். எங்கள் மலையில் காயப்போடுவது சுண்டைக்காய், அவரைக்காய். அதெல்லாம் குழம்புக்கு. பழத்தைப் போய் எவனாவது காயவைப்பானா? இருந்தாலும் கப்பல் என்றதும் நான் மயங்கிவிட்டேன்.

பைல் நாட்டில் சனம் கூடியிருந்தது. தட்டின் மேலிருந்த துணியை நான் பெருமையோடு எடுத்தேன். சின்னக்கண்ணு குனிந்து பார்த்தாள்.

"ஏனுங்க, பழத்த எங்கியாவது வெச்சு மறந்துட்டீங்களா? நல்ல காரியம் பேச வந்தீங்களா, கருமாதிக்கு வந்தீங்களா?"

"இது காஞ்ச பழமுங்க அத்தை. நாலு தினுசு" என்றான் சின்னராசு.

கண்ணாயியின் தகப்பன் கருப்பண்ணன் நல்ல மனுஷன். அவசரமே படாதவர். தினுசுக்கு ஒன்றாக எடுத்துப் பலகைமேல் வரிசையாக வைத்தார். சிறியது திராட்சை. அடுத்தது வழுவழுவென்று பேரீச்சம்பழம். பிறகு சப்பையாக அத்தி. கடைசியில் கட்டைபோல் பேரீச்சங்காய்.

"நாலு தினுசெல்லாம் இல்லீங்க" என்று தீர்ப்புச் சொன்னார். "ஒரே பழந்தான். இது குஞ்சு. இது எளவட்டம். இது கெழடு. இது செத்தே போச்சு."

கூட்டம் தலையாட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் மலை இறங்கி ஏறிய கால் இன்னும் வலிக்கிறது, இவர் குஞ்சு, கிழடு என்கிறார்.

"அறுத்து வெதையப் பாருங்க! ஒரே பழம்னா ஒரே வெதை இருக்கோணுமில்ல?" என்று கத்தினேன். பெரிய புத்திசாலித்தனம் என்று நினைப்பு.

கருப்பண்ணன் கத்தியை எடுத்தார். பேரீச்சம்பழத்தில் நீளமாக ஒரு கொட்டை. பேரீச்சங்காயை உடைத்தால் அதே கொட்டை. "இது ரெண்டும் ஒண்ணுதான், பாத்தீங்களா!" என்று அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அத்தியைப் பிளந்தால் உள்ளே பொடிப்பொடியாக எண்ணவே முடியாத விதை.

"நம்ம ஓடையோரத்து அத்தியாட்டந்தான் இருக்குது. உள்ள பூச்சிதான் காணோம்" என்றார்.

கடைசியாகத் திராட்சையைக் கீறினார். விதை இல்லை. இன்னொன்றைக் கீறினார். அதிலும் இல்லை. கைப்பிடி அளவு கீறிப் போட்டும் ஒன்றையும் காணோம்.

சின்னக்கண்ணு குரலைத் தாழ்த்தினாள். அவள் கத்தும்போதுகூட எனக்கு அவ்வளவு பயம் வந்ததில்லை.

"வெதையில்லாத பழத்தக் கொண்டாந்து பொண்ணு கேக்கறீங்க. எம் மவ வயிறு திறக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு வந்தீங்களா?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சின்னராசுவின் முகம் தட்டில் இருந்த எல்லாவற்றையும்விடச் சுருங்கிப்போயிற்று. பாவமாக இருந்தது. விதையைப் பார்க்கச் சொன்ன என் நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை என்று இருந்தது.

அப்போதுதான் கதவருகில் நின்ற கண்ணாயி வாயைத் திறந்தாள்.

"அம்மா, அது பழமே இல்லியோ என்னமோ. வாயில போட்டுப் பாரு. இனிக்கலீன்னா பழமில்லீன்னு தட்டத் திருப்பிக் குடுத்தரலாம்."

"அதையும் பாத்தர்றேன்!" என்று சின்னக்கண்ணு ஒரு திராட்சையை வாயில் எறிந்தாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. தாடைதான் வேகம் பிடித்தது. இன்னொன்று போட்டாள். அப்புறம் ஒரு கை நிறைய.

"இது கொஞ்சம் புளிப்போட இனிக்குது" என்றாள். பேரீச்சம்பழத்தைத் தின்று, "இது வெல்லப்பாகாட்டம் பல்லுல ஒட்டுது" என்றாள். அத்தியை மென்று, "நறநறங்குது, ஆனாலும் மோசமில்ல" என்றாள். பேரீச்சங்காயைக் கடித்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "இது கல்லு! ஊற வெச்சாத்தான் ஆவும். ஏனுங்க, நாலும் நாலு ருசியால்ல இருக்குது!"

கருப்பண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள, முழுங்கிட்டியா?"

"முழுங்காம பின்ன..." என்றவள் பாதியில் நின்றாள். "நான் சோதிச்சுப் பாக்கத்தான் தின்னேன்!"

"வயித்துக்குப் போயிருச்சில்ல?"

சனம் ஓவென்று சிரித்தது. சின்னக்கண்ணு மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தாள். கண்ணாயி கூரையில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பெண்ணை அப்படியே தூக்கிக் கொண்டாட வேண்டும் போல் இருந்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

சின்னக்கண்ணு லேசில் தோற்கிறவள் இல்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்து, மிச்சமிருந்த திராட்சையை எல்லாம் வழித்து மடியில் கட்டிக்கொண்டாள்.

"வெதையில்லாதது எனக்கும் எங்க ஊட்டுக்காரருக்கும். நாங்க பெத்தது போதும்."

பிறகு அத்திப்பழ மாலையைத் தூக்கிச் சின்னராசுவின் மடியில் போட்டாள்.

"எண்ண முடியாத வெதையிருக்குதில்ல? இதப் பூராத் தின்னுட்டுத்தான் எந்திரிக்கோணும், மாப்பிள்ளே."

மாப்பிள்ளே என்ற சொல் காதில் விழுந்ததும் அவனுக்குப் பசி வந்துவிட்டது. எத்தனையோ நாள் பட்டினி கிடந்தவன், ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே தள்ளினான். மாலை பாதியாகக் குறைந்தது. அவன் நிறுத்துகிற வழியாக இல்லை.

கண்ணாயி கூரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவன் கையையே பார்த்தாள். அம்மா சொன்ன எண்ண முடியாத விதை நினைவுக்கு வந்ததோ என்னமோ, அவளுக்கு லேசாக வேர்த்தது. கடைசியில் பொறுக்க முடியாமல், கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் முதல் வார்த்தையாகச் சொன்னாள்.

"போதும், நிறுத்துங்க!"